இவானோவிச் என்றால் சுவாரஸிடம் கடி வாங்கியவர் மட்டும்தானா?

பிரானிஸ்லாவ் இவானோவிச் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தக் கடிதான். 2013 ஏப்ரலில் லிவர்பூலின் லுயிஸ் சுவாரஸ் அவர் கையில் பல்லைப் பதித்த காட்சி. கால்பந்தை எப்போதாவது பார்க்கிறவர்களுக்கு இந்த செர்பிய டிஃபெண்டரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். சரி, இன்னும் கொஞ்சம் படிக்கலாம் என்று உள்ளே போனால் குழப்பம் கூடுகிறது:

1. லண்டன் அணியான செல்சி 2012-ல் ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வென்றபோது அணியில் இருந்தவர், ஆனால் இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை.
2. ஓரிடத்தில் சென்டர் பேக் என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் ரைட் பேக்.
3. 2014-15-ல் இங்கிலாந்தின் சிறந்த ரைட் பேக் என்று சக வீரர்களே வாக்களித்தார்கள். அடுத்த சில மாதங்களில் செல்சி சரிந்தபோது முதலில் திட்டு வாங்கியவரும் அவர்தான்.
4. பிறந்த நாடு ஒன்று, அறிமுகமானது இன்னொரு நாட்டுக்கு, நூறு ஆட்டங்களைத் தாண்டியது மூன்றாவது நாட்டின் பெயரில்.

இதில் நான்காவது அரசியல், முதலாவது விதிமுறை. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் பதில் ஒன்றே: இவானோவிச் கடைசிவரை ஒரு சென்டர் பேக். அவரை ரைட் பேக்காக நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்த புகழும் பிறகு வந்த அடியும் அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை என்பது என் கட்சி.

முதலில் இந்த இரண்டு இடங்களும் என்ன

நான்கு பேர் கொண்ட தற்காப்பு வரிசையில் நடுவில் நிற்கும் இருவர் சென்டர் பேக். உயரமும் உடல்பலமும் வேண்டும். மேலே வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுவதும், எதிரணியின் ஸ்ட்ரைக்கரைத் திரும்பவிடாமல் மறிப்பதும் அவர்கள் வேலை. ஓரத்தில் நிற்கும் ரைட் பேக், லெஃப்ட் பேக் இருவரும் வேறு ரகம். பெரும்பாலும் குள்ளமாக, வேகமாக இருப்பார்கள். தங்கள் அணி பந்தை வைத்திருக்கும்போது கோட்டோரமாக ஓடி முன்னே போக வேண்டும், பந்து பறிபோனால் அதே ஓட்டத்தில் திரும்பி வர வேண்டும், அதுவும் எதிரணியின் மிக வேகமான ஆளான விங்கருக்கு முன்பாக.

ஆறடிக்கு மேல் உயரமும் அகன்ற தோளும் கொண்ட ஒருவரை ஓரத்தில் நிறுத்தினால் என்ன கிடைக்கும்? தற்காப்பில் மூன்றாவது சென்டர் பேக் கிடைப்பார். எதிரணி இடதுபக்கத்திலிருந்து தூக்கிப் போடும் பந்துக்குப் பயப்பட வேண்டாம். கார்னர் (மைதான மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு) கிடைத்தால் முட்டுவதற்குக் கூடுதலாக ஒரு தலை. விலை? விங்கர் உள்ளே வெளியே என்று ஆட்டம் காட்டினால், உடலைத் திருப்ப அரை விநாடி கூடுதலாக ஆகும். இந்த அரை விநாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாஸ்கோ வழியாக லண்டன்

1984 பிப்ரவரி 22-ல் ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சாவில் பிறந்தவர். அப்போது அது யுகோஸ்லாவியா. உள்ளூர் ஸ்ரெம் அணியில் தொடங்கி, பெல்கிரேடின் ஓ.எஃப்.கே. அணிக்குப் போய், 2006-ல் லோகோமோட்டிவ் மாஸ்கோவில் சேர்ந்தார். அங்கே 2006-07 ரஷ்யக் கோப்பையை வென்றார்.

செர்பிய வீரர்கள் அந்தக் காலத்தில் நேரே இங்கிலாந்து போகாமல் ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு போனது தற்செயல் இல்லை. நெமன்யா விடிச்சும் ஸ்பார்டக் மாஸ்கோ வழியாகத்தான் மான்செஸ்டர் யுனைடெட் போனார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரருக்கு அப்போது இங்கிலாந்தில் வேலை அனுமதி வேண்டியிருந்தது. அன்றைய விதிப்படி, கடந்த இரண்டு ஆண்டுகளில் தன் நாட்டின் போட்டி ஆட்டங்களில் முக்கால்வாசியாவது ஆடியிருக்க வேண்டும். தேசிய அணியில் இன்னும் காலூன்றாத இருபது வயதுப் பையனுக்கு இது எட்டாத உயரம். ரஷ்ய கிளப்புகளிடம் பணம் இருந்தது, அங்கே இந்தத் தடை இல்லை. அதனால் அது ஒரு நடுவழி நிறுத்தமாகவே ஆகிப்போனது.

2008 ஜனவரியில் சுமார் 90 லட்சம் பவுண்டுக்கு செல்சி வாங்கியது. அப்புறம்? ஒன்றுமில்லை. அந்த சீசன் முடியும்வரை பயிற்சியாளர் அவ்ராம் கிராண்ட் அவரை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. நடுவில் ஏற்கெனவே டெர்ரி, கார்வாலோ, அலெக்ஸ். ஓரத்தில் ஃபெரேரா, பெல்லெட்டி. போதாததற்கு அப்போதெல்லாம் ரஷ்ய சீசன் இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும் என்பதால், ஜனவரியில் வருகிறவர் ஆட்டப் பழக்கம் விட்டுப்போய்த்தான் வந்து சேர்வார். முதல் ஆட்டம் 2008 செப்டம்பரில், ஸ்கோலாரி பயிற்சியாளராக வந்தபின், போர்ட்ஸ்மவுத்துக்கு எதிரான லீக் கோப்பை (லீக் வேறு, இது தனி நாக்-அவுட் போட்டி) ஆட்டத்தில்தான். எட்டு மாதம் பெஞ்சிலும் காலரியிலும். இப்போதைய சமூக வலைதளக் காலமாக இருந்திருந்தால் 'வீண் செலவு' என்று முத்திரை குத்தி அப்போதே அனுப்பியிருப்பார்கள்.

ஆன்ஃபீல்டில் இரண்டு முட்டு

2009 ஏப்ரல் 8. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, முதல் ஆட்டம், லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்ட். ஆறாவது நிமிடத்திலேயே லிவர்பூலின் டோரஸ் கோல் போட்டுவிட்டார். செல்சியின் இடைக்காலப் பயிற்சியாளர் கூஸ் ஹிடிங்க், இவானோவிச்சை ரைட் பேக்காக இறக்கியிருந்தார். 39-வது நிமிடத்தில் ஒரு கார்னர், இவானோவிச் முட்டினார், கோல். 62-வது நிமிடத்தில் இன்னொரு கார்னர், மறுபடி அவரே, மறுபடி கோல். செல்சிக்காக அவர் போட்ட முதல் இரண்டு கோல்கள் இவை. கடைசியில் செல்சிக்கு 3-1 வெற்றி.

இரண்டும் ஏன் ஒன்றுபோலவே விழுந்தன? பயிற்சியாளர் ரஃபா பெனிட்டஸின் லிவர்பூல் கார்னரைத் தடுக்க ஆளுக்கு ஓர் ஆள் என்று மறிக்காது. ஒவ்வொருவரும் ஓர் இடத்தைக் காத்து நிற்பார்கள், பந்து தன் இடத்துக்கு வந்தால் வெளியேற்ற வேண்டும். இந்த முறையில் நிற்பவர் நின்ற இடத்திலிருந்து எம்ப வேண்டும், வருகிறவரோ ஓடிவந்து எம்புவார். ஓட்டத்தோடு எம்புகிற பெரிய உடம்புக்கு முன்னால் நின்று எம்புகிறவர் தோற்பதுதான் நடக்கும். லிவர்பூலில் எல்லோரும் செல்சியின் டெர்ரியையும் ஸ்ட்ரைக்கர் டிரோக்பாவையும் கவனித்துக்கொண்டிருக்க, ரைட் பேக்கை யார் பார்ப்பார்கள்? முதல் கோலுக்கு இந்தச் சாக்கு செல்லும். இரண்டாவதுக்குச் செல்லாது என்பது வேறு விஷயம்.

இதற்குப் பிறகு அவர் இடம் முடிவானது. 2009 இலையுதிர் காலத்தில் வழக்கமான ரைட் பேக் போசிங்வா முழங்கால் காயத்தால் வெளியே போனார், புதிய பயிற்சியாளர் ஆன்செலோட்டி இவானோவிச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த சீசனில் செல்சி லீகும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வென்றது. வீரர்கள் சங்கத்தின் அந்த ஆண்டின் சிறந்த அணியிலும் அவர் பெயர் வந்தது.

கோப்பை வென்றும் இறுதியில் ஆடாதது எப்படி

2012-ன் கதை. இத்தாலியில் நாப்போலியிடம் 3-1 என்று தோற்று, பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸை அனுப்பிவிட்டு, டி மட்டேயோவை வைத்துக்கொண்டு மார்ச் 14-ல் லண்டனில் மறு ஆட்டம். 90 நிமிட முடிவில் 3-1, மொத்தக் கணக்கில் சமம். கூடுதல் நேரத்தின் 105-வது நிமிடத்தில், டிரோக்பா கொடுத்த பந்தை கோலுக்குள் அடித்தவர் இவானோவிச். தாக்குதலுக்குப் போன ரைட் பேக், ஸ்ட்ரைக்கர் நிற்கும் இடத்தில் நின்று அடித்த கோல். அது இல்லையென்றால் மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டம் செல்சிக்கு இல்லை.

அப்படியிருந்தும் மியூனிக்கில் அவர் ஆடவில்லை. காரணம் மஞ்சள் அட்டைக் கணக்கு, அது இப்படி வேலை செய்தது:

1. ஒரு சாம்பியன்ஸ் லீக் சீசனில் மூன்றாவது மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை.
2. அரையிறுதி வரை இந்தக் கணக்கு அழியாது. இலையுதிர் காலத்தில் வாங்கிய அட்டையும் ஏப்ரல் வரை கூடவே வரும்.
3. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் அந்த மூன்றாவது அட்டை வந்தால், 'அடுத்த ஆட்டம்' என்பது இறுதி ஆட்டம்.

பார்சிலோனாவில் 2-2 என்று முடிந்த அந்த அரையிறுதியில் இவானோவிச், ராமிரெஸ், மெய்ரலெஸ் மூவரும் மஞ்சள் அட்டையில் மாட்டினார்கள். கேப்டன் டெர்ரி சிவப்பு அட்டை. நான்கு பேர் போய்விட்டார்கள். காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய கேஹிலும் டேவிட் லுயிஸும் நடுவில், ரைட் பேக்கில் யார் தெரியுமா? போசிங்வா. எவருடைய இடத்தை இவானோவிச் பிடித்தாரோ அதே போசிங்வா. பயர்ன் மியூனிக் அணிக்கு எதிராக 1-1, பிறகு பெனால்டியில் 4-3 வெற்றி.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். குரூப் ஆட்டத்தில் ஒரு சட்டை இழுப்புக்கு வாங்கிய அட்டை, வாழ்நாளில் ஒருமுறை வரும் ஆட்டத்தைப் பறிக்கக் கூடாது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ-வுக்கும் பின்னர் அப்படித் தோன்றியிருக்கிறது: 2014-15 முதல் காலிறுதி முடிந்ததும் மஞ்சள் அட்டைக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். இப்போது இறுதியை இழக்க வேண்டுமென்றால் அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கினால்தான் உண்டு.

அந்தக் கடியும் 24 நாள் கழித்து வந்த கோலும்

2013 ஏப்ரல் 21, மறுபடி ஆன்ஃபீல்ட். பெனால்டி பகுதிக்குள் பந்துக்காக முண்டும்போது சுவாரஸ் அவர் மேல்கையைக் கடித்தார். நடுவர் கெவின் ஃப்ரெண்டிடம் இவானோவிச் சட்டையைத் தூக்கிக் காட்டினார், ஆனால் சம்பவத்தை நடுவர் பார்க்கவில்லை, அட்டை எதுவும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. எரிச்சலான விஷயம் என்னவென்றால் கூடுதல் நிமிடங்களில் 2-2 என்று சமன் செய்த கோலைப் போட்டவரும் சுவாரஸ்தான்.

பிறகு எப்படித் தண்டனை கொடுத்தார்கள் என்பது பலருக்கும் புரியாத இடம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் நடைமுறையில், நடுவர் ஒரு சம்பவத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டால் அதைப் பிறகு கிளறுவது கடினம். நடுவர் குழு பார்க்கவே இல்லை என்றால் வீடியோவை வைத்து வழக்குப் போடலாம். இங்கே பார்க்காததே சங்கத்துக்கு வசதியாகப் போனது. வன்முறைக்கு வழக்கமான தண்டனை 3 ஆட்டம். சுவாரஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அந்த 3 போதும் என்று வாதாடினார். சுயேச்சையான விசாரணைக் குழு 10 ஆட்டத் தடை என்று தீர்த்தது. 2010-ல் ஹாலந்தில் ஒருமுறை இதே வேலையைச் செய்தவர். 2014 உலகக்கோப்பையில் கியெல்லினியிடம் மூன்றாம் முறை செய்தார். போலீசும் இவானோவிச்சிடம் பேசியது, அவர் புகார் கொடுக்கவில்லை.

மே 15, ஆம்ஸ்டர்டாம், சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீகின் இறுதி, எதிரணி பென்ஃபிக்கா. டெர்ரிக்குக் காயம் என்பதால் அன்று இவானோவிச் தன் சொந்த இடத்துக்கு, நடுவுக்கு வந்தார், ரைட் பேக்கில் அஸ்பிலிகுவெத்தா. 1-1. எல்லோரும் கூடுதல் நேரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த 93-வது நிமிடத்தில் மாத்தா எடுத்த கார்னர் கூட்டத்தைத் தாண்டிப் போனது. பந்து கொஞ்சம் பின்னால் விழும் என்று கணித்து, பின்னோக்கி நகர்ந்தபடியே எம்பினார் இவானோவிச். வேகம் கொடுத்து முட்ட முடியாத நிலை, அதனால் வளைத்து முட்டினார். கோல்கீப்பர் ஆர்ட்டர் மேலே பார்த்தபடி நிற்க, பந்து அவரைத் தாண்டி எதிர் மூலையில் இறங்கியது. முந்தைய ஆண்டு இறுதியைப் பார்வையாளராகப் பார்த்தவரின் கோலால் இந்த ஆண்டுக் கோப்பை வந்தது. யூடியூபில் கடிக்குப் போகும் கூட்டத்தில் பாதியாவது இந்தத் தலைமுட்டலைப் பார்க்கப் போகலாம்.

2014-15: உச்சம் எப்படிக் கட்டப்பட்டது

பழைய பயிற்சியாளர் மொரீனோ திரும்பி வந்தபின் செல்சியின் பின்வரிசை வேண்டுமென்றே சாய்வாக அமைக்கப்பட்டது. வலதுகால் ஆட்டக்காரரான அஸ்பிலிகுவெத்தாவை லெஃப்ட் பேக்கில் நிறுத்தினார், அவர் முன்னே போகாமல் உள்ளே இருந்து காப்பார். அவருக்கு முன்னால் ஹசார்டுக்கு முழு சுதந்திரம். மறுபக்கம் இவானோவிச் ஓடிக்கொண்டே இருப்பார், அவர் விட்டுப்போன இடத்தை நடுக்கள வீரர் மாட்டிச்சும் கேஹிலும் மூடுவார்கள். அதாவது ரைட் பேக் என்று பெயர், பாதி நேரம் எதிரணிக் கோட்டோரத்தில்.

மான்செஸ்டர் சிட்டி சொந்த மைதானத்தில் அசைக்க முடியாமல் இருந்த 2014 பிப்ரவரியில், அங்கே போய் இடதுகாலால் ஒரே கோல் போட்டு 1-0 என்று வென்று தந்தது இந்த ஓட்டத்தின் விளைவுதான். 2015 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதி, எதிரணி மறுபடி லிவர்பூல், கூடுதல் நேரத்தில் வில்லியனின் ஃப்ரீ கிக்கை முட்டி மறுபடி 1-0. அந்த சீசனில் லீகின் 38 ஆட்டங்களிலும் ஆடினார். லீக் பட்டம், லீக் கோப்பை, ஆண்டின் சிறந்த அணியில் இடம்.

பிறகு ஏன் சரிந்தது

2015 ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்வான்சியின் ஜெஃபர்சன் மொன்டேரோ அவரைக் கோட்டோரத்தில் நிறுத்தி, நிறுத்தித் தாண்டினார். 2-2. அடுத்தடுத்த அணிகளுக்குக் கேள்வித்தாள் கசிந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. என் கணிப்பில் காரணங்கள் இவை, முக்கியத்துவ வரிசையில்:

1. அந்த அரை விநாடி. 31 வயதில் அது முக்கால் விநாடி ஆனது. வேகத்தை நம்பாத சென்டர் பேக்குக்கு 31 நல்ல வயது. கோட்டோரத்தில் ஓட வேண்டியவருக்கு இல்லை.
2. முந்தைய சீசனில் ஓய்வே இல்லாமல் ஆடியது. பிறகு கோடைக்காலப் பயிற்சியும் தாமதமாகத் தொடங்கியது.
3. மாட்டிச் தளர்ந்ததும் இவானோவிச் விட்டுப்போன இடத்தை மூட ஆளில்லை. அவருடைய பிழைகள் முன்பும் இருந்தன, யாரோ ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரை மட்டும் குறைசொன்ன பேச்சில் இது விட்டுப்போனது.

மொரீனோ டிசம்பரில் வேலையிழந்தார். முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வருட நீட்டிப்புதான் என்பது செல்சியின் அப்போதைய வழக்கம், இவானோவிச்சுக்கும் 2016 ஜனவரியில் அதுவே கிடைத்தது.

அடுத்த சீசனில் வந்த பயிற்சியாளர் கொன்டே கதையை முடித்தார். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றபோது ஆட்டத்தின் நடுவிலேயே பின்வரிசையை மூன்று பேராக மாற்றினார், அடுத்த ஆட்டத்திலிருந்து 3-4-3. இந்த அமைப்பில் ரைட் பேக் என்ற இடமே கிடையாது. விங் பேக் உண்டு, அவர் முழுக் கோட்டையும் தனியாக ஓட வேண்டும், அங்கே விக்டர் மோசஸ். மூன்று சென்டர் பேக்கில் ஒருவராக இவானோவிச் இருந்திருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். ஆனால் அந்த வலது மூலைக்கு கால்வேகமுள்ள, பந்தை நன்றாகக் கடத்தும் அஸ்பிலிகுவெத்தா வந்துவிட்டார். தொடர்ந்து 13 லீக் வெற்றி. வெல்கிற அணியை யார் கலைப்பார்கள்?

2017 ஜனவரி கடைசியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து ஒரு கோல் போட்டுவிட்டு, சில நாட்களில் ரஷ்யாவின் ஜெனித் அணிக்குப் போனார். செல்சிக்காக 377 ஆட்டம், 34 கோல். அந்த சீசன் லீக் பட்டம் மே மாதத்தில்தான் வந்தது, ஆனால் 5 ஆட்டம் ஆடியிருந்தால் பதக்கம் உண்டு என்ற விதிப்படி அவருக்கும் பங்குண்டு. ஜெனித்தில் கேப்டனாக இரண்டு லீக் பட்டங்கள். 2020-21-ல் வெஸ்ட் பிராம்விச் அணியில் ஒரு சீசன், அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அத்தோடு ஓய்வு.

எந்த நாட்டுக்கு ஆடினார்

இது எளிது, பெயர்தான் சுற்றவைக்கிறது. பழைய யுகோஸ்லாவியா 1992-ல் உடைந்தபின் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து அதே பெயரில் ஒரு கூட்டாட்சியாக நின்றன. 2003-ல் அதன் பெயர் 'செர்பியா-மாண்டினீக்ரோ' ஆனது. 2006 ஜூனில் இரண்டும் பிரிந்தன (அந்த மாதம் நடந்த உலகக்கோப்பையில் இல்லாத நாட்டின் பெயரில் ஓர் அணி ஆடியது, அது தனிக்கூத்து). ஃபிஃபா செர்பியாவை வாரிசாக எடுத்துக்கொண்டதால் பழைய ஆட்டங்களும் அதே கணக்கில் சேரும். இவானோவிச் 2005 ஜூனில் இத்தாலிக்கு எதிராக அறிமுகமானது செர்பியா-மாண்டினீக்ரோவுக்கு.

கேப்டனாக அவர் சந்தித்ததில் மோசமான இரவு 2014 அக்டோபர் 14, பெல்கிரேட். அல்பேனியாவுக்கு எதிரான யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதிச்சுற்று. ஒரு டிரோன், அண்டை நாட்டுப் பகுதிகளையும் சேர்த்துக் காட்டும் அகண்ட அல்பேனிய வரைபடம் போட்ட கொடியோடு மைதானத்துக்குள் பறந்து வந்தது. செர்பிய வீரர் ஸ்டெஃபான் மித்ரோவிச் அதைப் பிடித்து இழுத்தார், கைகலப்பு, ரசிகர்களும் உள்ளே இறங்கினார்கள். ஆட்டம் நின்றது. யூஇஎஃப்ஏ முதலில் செர்பியாவுக்கு 3-0 வெற்றி என்று சொல்லி, கூடவே 3 புள்ளியைப் பறித்தது. 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதைத் திருப்பி அல்பேனியாவுக்கு 3-0 கொடுத்தது, பறித்த 3 புள்ளியும் போனது போனதுதான். அல்பேனியா யூரோ 2016-க்குப் போனது, செர்பியா வீட்டில் இருந்தது.

செர்பியா அடுத்து ஒரு பெரிய போட்டிக்குத் தேறியது 2018 உலகக்கோப்பைக்கு. போட்டிக்கு முன் புதிய பயிற்சியாளர் கிர்ஸ்டாயிச் கேப்டன் பட்டையை இவானோவிச்சிடமிருந்து எடுத்து கோலாரோவிடம் கொடுத்தார். கோஸ்டா ரிகாவுக்கு எதிராக ஆடியபோது 104-வது ஆட்டம், நாட்டுக்காக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற ஸ்டான்கோவிச்சின் சாதனை முறிந்தது. சுவிட்சர்லாந்துக்கு எதிராக 105. பிரேசிலுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ரைட் பேக்கில் ருக்காவினா இறங்கினார், இவானோவிச் பெஞ்சில். அந்த 105-ஐப் பின்னாளில் துசான் தாதிச் கடந்தார்.